ஐசியு போஸ்டிங் சில வாரம்தான்... நர்சிங் மாணவர்கள் தாங்களாகவே கற்பது எப்படி?

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி, பி.எஸ்சி. நர்சிங் 8-வது செமஸ்டரில் 22 வாரம் இன்டர்ன்ஷிப். அதில் பெரியவர்களுக்கான மருத்துவப் பிரிவுகளுக்கு 6 வாரம். ஐசியு அதற்குள் ஒரு பகுதிதான்.

'ஐசியு நர்ஸ்தான் ஆகணும்' என்று முடிவெடுத்தவருக்கு இது போதுமா? பெட் மாற்றுவது, பிபி குறிப்பது என ஷிஃப்ட் ஓடிவிடும். மீதியைத் தானாகத்தான் தேடிக் கற்கணும்.

சுயகற்றல் என்றால் என்ன?

கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1975-லேயே இதற்குப் படிகள் வகுத்தார். எது தெரியவில்லை என்று கண்டறிவது, இலக்கு வைப்பது, கற்க வழி தேடுவது, கற்றதைச் சரிபார்ப்பது.

ஐசியுவில் எப்படி?

'வென்டிலேட்டர் கத்துக்கணும்' என்பது ஒரு வாரத்துக்குள் அடங்காது. 'நினைவு நிலையைச் சரியாக அளக்கணும்' என்பது அடங்கும். அதற்கான கிளாஸ்கோ கோமா ஸ்கேல் 1974-ல் வந்தது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. அதிகபட்சம் 15, குறைந்தபட்சம் 3. மாணவர் முதலில் தானே மதிப்பெண் போட்டு, பிறகு டியூட்டி சிஸ்டர் சார்ட்டில் எழுதியதோடு ஒப்பிடலாம். எங்கே வித்தியாசமோ, அதுதான் அன்றைய பாடம்.

இன்னொரு இலக்கு, சராசரி ரத்த அழுத்தம். பிபி 85/50 என்றால் 'கொஞ்சம் லோ' என்று கடந்துவிடத் தோன்றும். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, மூன்றால் வகுத்து, கீழ் எண்ணோடு கூட்டினால் சுமார் 62. செப்டிக் ஷாக் நோயாளிக்குப் பொதுவாக வைக்கப்படும் இலக்கு குறைந்தது 65. கணக்கு தெரிந்தவர் உடனே சிஸ்டரிடம் சொல்வார். தெரியாதவர் சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார்.

எதைச் செய்யக்கூடாது?

* இன்ஃப்யூஷன் பம்ப், வென்டிலேட்டர் செட்டிங்கைத் தானாக மாற்றக்கூடாது. அலாரம் அடித்தால் சத்தத்தை நிறுத்துவதல்ல, ஆளைக் கூப்பிடுவதுதான் முதல் வேலை.
* சிஸ்டர் மருந்து கலக்கும்போது சந்தேகம் கேட்கக்கூடாது. கவனம் சிதறினால் டோஸ் தவறும்.
* நோயாளியின் பெயர், போட்டோ செல்போனில் இருக்கக்கூடாது. நோட்டில் 'செப்சிஸ், இரண்டாம் நாள்' என்ற அளவுக்கு எழுதினால் போதும்.

அடுத்து?

இந்தத் துறையில் மேலே படிக்க, கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. ஆனால் ஐசியு தனக்கு ஒத்துவருமா என்பதை இன்டர்ன்ஷிப்பிலேயே தெரிந்துகொள்ளலாம். வாரம் ஒரு இலக்கு போதும்.