“எந்த மாவட்டம்னு போடுறது, மிஸ்?”

தலவாக்கலைக்கு அருகேயுள்ள ஒரு தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெண்கள் கூட்டம் நடத்துவது வழக்கம். சேமிப்புக் குழுவின் கணக்கு, பிள்ளைகளின் போசாக்கு, குடித்துவிட்டு வரும் ஆண்களின் தொல்லை என்று பேச்சு போகும். க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகிச் சில வாரங்களின் பின் நடந்த ஒரு கூட்டத்தில் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அன்று இரண்டு தாய்மார் தமது மகள்மாரின் பெறுபேற்றுத் தாளோடு வந்திருந்தார்கள். ஒருவர் அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மற்றவர் சில ஆண்டுகளுக்கு முன் வன்னியிலிருந்து வந்து, தன் சின்னம்மாவின் லயத்துக் காம்பராவில் ஒண்டியிருப்பவர். இரண்டு பிள்ளைகளும் அட்டனில் ஒரே வகுப்பில் உயிரியல் விஞ்ஞானம் படித்தவர்கள். இருவருக்கும் மூன்று பாடங்களிலும் சித்தி.

“எந்த மாவட்டம்னு போடுறது மிஸ்? இதுல யோசிக்க என்னா இருக்கு? நாங்க பாட்டன் காலத்துல இருந்து இங்கனதான்” என்றார் முதலாவது தாய்.

மற்றவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “எனக்குத்தான் விளங்கேல்ல மிஸ். பிள்ளை பிறந்தது கிளிநொச்சி. பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சது அங்க. பிறகுதான் இங்க வந்தனாங்கள்.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “வெளியூர்ல இருந்து வந்து எழுதுறதுனாலதான் நம்ம புள்ளைங்களுக்கு எடம் கெடைக்காமப் போகுது.”

மடுவம் அமைதியாகிவிட்டது. வன்னித் தாய் தலையைக் குனிந்தபடி, “இடம் பிடிக்க வரேல்ல அக்கா. இருக்க இடமில்லாமல் வந்தனாங்கள்” என்று மட்டும் சொன்னார்.

சகோதரிகளே, அன்று அந்த மடுவத்தில் எழுந்த கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பிள்ளை வாழும் இடம் அவளுடைய பல்கலைக்கழக வாசலை எப்படித் திறக்கிறது, எப்படி அடைக்கிறது என்பதை இங்கே எழுத முயல்கிறேன்.

மாவட்டம் எப்படிக் கணக்கில் வருகிறது?

வடக்கிலிருந்து இதை வாசிக்கும் மூத்த சகோதரிகளுக்குத் தரப்படுத்தல் என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. 1971 இல் மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ் மொழிமூல மாணவர் 400க்கு 250 புள்ளி பெறவேண்டியிருந்தது. சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. அடுத்து மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974 இல் மாவட்டப் பங்கீடு புகுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனதில் அது ஏற்படுத்திய காயம் பின்னர் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நீங்கள் உங்கள் வாழ்க்கையிலேயே அனுபவித்துவிட்டீர்கள்.

ஆனால் அதே மாவட்டப் பங்கீடு மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, மட்டக்களப்பு போன்ற இடங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முன்னர் இல்லாத வழியைத் திறந்துவிட்டது என்பதும் உண்மை. ஒரே விதி ஓர் ஊருக்குக் கதவாகவும் இன்னோர் ஊருக்குச் சுவராகவும் இருந்தது.

விகிதங்கள் பலமுறை மாறி, இப்போது பெரும்பாலான கற்கைநெறிகளுக்குள்ள முறை இதுதான். இடங்களில் 40 வீதம் வரை அகில இலங்கைத் தகுதி அடிப்படையில் போகின்றன. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் அவற்றின் சனத்தொகைக்கேற்பப் பிரிக்கப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கின்றன. நுவரெலியா, பதுளை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகியன அந்தப் பட்டியலில் உள்ளவற்றுள் சில. சில கற்கைநெறிகளுக்கு மாவட்டம் பார்க்கப்படாமல் அகில இலங்கைத் தகுதியே பார்க்கப்படுகிறது.

2001 முதல் வெறும் புள்ளிக்குப் பதிலாக இசட் புள்ளி பயன்படுகிறது. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறாள் என்பதைக் காட்டும் அளவு அது. இதனால் கடினமான பாடத்தை எடுத்த பிள்ளையும் இலகுவான பாடத்தை எடுத்த பிள்ளையும் ஒரே தராசில் நிறுக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் கடைசியாகத் தெரிவான பிள்ளையின் இசட் புள்ளியே அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி. அதனால்தான் கொழும்பில் தவறவிடும் புள்ளியோடு நுவரெலியாவில் ஒரு பிள்ளை தெரிவாக முடிகிறது.

கணக்கில் இருக்கிறோம், கதிரையில் இல்லை

அப்படியானால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்கு இது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்கு நல்லதுதான். இந்தப் பங்கீடு இல்லாவிட்டால் மலையகத்திலிருந்து இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இருக்கும் பலர் உருவாகியிருக்க மாட்டார்கள்.

ஆனால் கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். 2012 ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தில் 7 இலட்சத்து 11 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். நாட்டின் சனத்தொகையில் இது ஏறத்தாழ 3.5 வீதம். ஒரு துறையில் 1,000 இடங்கள் இருந்தால் மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படும் 550 இல் இந்தக் கணக்குப்படி சுமார் 19 நுவரெலியாவுக்கு வரும். மாவட்டத்தில் அன்று பாதிக்கு மேற்பட்டோர் இந்தியத் தமிழர் எனப் பதிவானவர்கள். அதாவது லயத்துக் காம்பராவில் படுத்திருக்கும் பாட்டியும் பிள்ளை மடுவத்துத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் சேர்ந்துதான் அந்த 19 இடங்களைப் பெற்றுத் தருகிறார்கள்.

அந்த இடங்களில் அமர்வது யார் என்பதை விதி கேட்பதில்லை. நகரத்துக் கடைக்காரரின் பிள்ளையும் அதிபரின் பிள்ளையும் கொழுந்து பறிப்பவரின் பிள்ளையும் ஒரே மாவட்டத்தார். விதிக்கு மாவட்டம் தெரிகிறது, லயம் தெரிவதில்லை.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதுவரை பல இடங்களில் ஓர் ஆசிரியரும் ஒரு மண்டபமும் ஐந்தாம் வகுப்புமே பாடசாலை. இன்றும் தமிழ் மொழிமூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. தோட்டத்துப் பிள்ளை அதிகாலையில் எழுந்து, மலையிறங்கி, பஸ் பிடித்து, அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போய்வர வேண்டும். பஸ் காசும் ரியூஷன் காசும் தாயின் நாட்சம்பளத்திலிருந்து போகவேண்டும். எங்கள் பெண்பிள்ளைகள் பலர் கலைப்பிரிவைத் தெரிவு செய்வது விருப்பத்தால் மட்டுமல்ல. அருகிலிருக்கும் பாடசாலையில் அதுதான் இருக்கிறது.

வேறு இடங்களில் மாவட்டத்தைவிடச் சிறிய அலகைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1997 இல் வந்த சட்டம், ஒவ்வோர் உயர்நிலைப் பாடசாலையிலும் முதல் 10 வீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழக அனுமதியை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 2020 இல் வந்த சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறியவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 வீத ஒதுக்கீடு தந்தது. பிள்ளை எந்த மாவட்டத்தில் இருந்தாள் என்பதோடு எந்த வகுப்பறையில் இருந்தாள் என்பதையும் பார்க்க முடியும் என்பதற்கு இவை சான்று.

ஓடி வந்த பிள்ளையும் தேடி வந்த பிள்ளையும்

பின்வரிசைப் பெண்ணின் கோபத்துக்கும் காரணம் உண்டு. குறைந்த வெட்டுப்புள்ளியைத் தேடி வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இங்கு பரீட்சை எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடு மலையகத்தில் நெடுங்காலமாக உண்டு. அதைத் தடுக்கத்தான் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் எவ்வளவு காலம் படித்தாள், நிரந்தர வதிவிடம் எது என்றெல்லாம் விதிகள் கேட்கின்றன.

ஆனால் வசதியோடு தேடி வந்த பிள்ளையையும் வழியின்றி ஓடி வந்த பிள்ளையையும் பாரத்தில் ஒரே பெட்டிக்குள்தான் எழுதுகிறோம். அந்த வன்னித் தாயின் பெற்றோர் 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போனவர்கள். 2009 இல் அவர் கணவரை இழந்தார். முகாமிலிருந்து திரும்பி, தறப்பாள் கொட்டிலில் பிள்ளையை வளர்த்தார். தனியே காலந்தள்ள முடியாத நிலை வந்தபோதுதான் தாயின் உறவைத் தேடித் தலவாக்கலைக்கு வந்தார். இரண்டு தலைமுறைக்கு முன் துரத்தப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தவரை ‘வெளியூர்’ என்று எப்படிச் சொல்வது? கூட்டத்தில் இதைச் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

விலாசம் இல்லாத வீடு

இன்னுமொன்று உண்டு. ‘நிரந்தர வதிவிடம்’ என்று பாரத்தில் கேட்கிறார்கள். லயத்துக்கு இலக்கம் இருந்தாலும் பல தோட்டங்களில் வீட்டுக்கென்று தபால் விலாசம் இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கடிதங்கள் ஒரே தப்பால் பையில் தோட்ட அலுவலகத்துக்கு வருகின்றன. நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான கடிதம் அப்படியொரு அலுவலக மேசையில் 9 நாட்கள் கிடந்தது. பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேறு அலுவலாகப் போன அப்பாவின் கண்ணில் பட்டதால்தான் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் படாத கடிதங்கள் எத்தனையோ!

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரை நாடற்றவராக்கியது. அந்தப் பிரச்சினை சட்டப்படி முழுமையாகத் தீர 2003 வரை சென்றது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்து, 2018 இல்தான் திருத்தப்பட்டது. வீதியும் பெயரும் இலக்கமும் இல்லாத குடியிருப்பு தானாக உருவானதல்ல.

தாய்மார் செய்யக்கூடியவை

விதியை ஒரே நாளில் மாற்ற எம்மால் முடியாது. ஆனால் கடதாசி இல்லாத காரணத்தால் ஒரு பிள்ளையும் இடத்தை இழக்கக்கூடாது. குறிப்பாக இடம்பெயர்ந்த சகோதரிகள் இவற்றைக் கவனியுங்கள்.

பிள்ளை படித்த ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் உள்ள விடுகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். பாடசாலை யுத்தத்தில் அழிந்திருந்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் விசாரியுங்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் கிராம சேவகரிடம் பாருங்கள். முகாம் பதிவு அட்டை, மீள்குடியேற்றக் கடிதம் முதலியவற்றைப் பழையது என்று எறியாதீர்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருங்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் கைநூல் வெளியிடுகிறது. மாவட்டம் எப்படித் தீர்மானிக்கப்படும் என்பது அதில் விபரமாக உள்ளது. பக்கத்து வீட்டார் சொல்வதை நம்பாமல் அந்த ஆண்டின் கைநூலையே பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள். விளங்காவிட்டால் அதிபரிடமோ ஆசிரியரிடமோ கேளுங்கள். கேட்பது வெட்கமல்ல. விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். கடைசி நாள் வரை காத்திருந்தால் மலைமேட்டில் ஏறி நின்றாலும் ‘சிக்னல்’ கிடைக்காது.

கூட்டம் முடிந்து நான் புறப்படும்போது, வன்னித் தாயை மறுநாள் கிராம சேவகரிடம் அழைத்துப் போவதாகச் சொன்னேன். அதைக் கேட்ட கொழுந்து பறிக்கும் தாய், “என்னையும் கூப்புடுங்க மிஸ். எங்க பேரு அந்த இடாப்புல சரியா இருக்கான்னு நான் பாத்ததே இல்ல” என்றார். மூவருமாகப் போனோம். பாட்டன் காலத்திலிருந்து இங்கேயே இருப்பவரின் பெயரும் அதில் பிழையாகத்தான் இருந்தது.

வெட்டுப்புள்ளி வந்தபோது இரு பிள்ளைகளில் ஒருத்தி தெரிவானாள். மற்றவள் சிறிய வித்தியாசத்தில் தவறினாள். யார் எவர் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிக்கும் நாமும் இரண்டாகப் பிரிந்துவிடுவோம். உயர்தரம் மூன்று முறை எழுதலாம். தெரிவானவள் தன்னுடைய குறிப்புப் புத்தகங்களையெல்லாம் மற்றவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு லயத்துக்கு ஓரிடம் என்று ஏழைத் தாய்மார் தமக்குள் சண்டை பிடிப்பதை விட்டு, எல்லா லயத்துக்கும் விஞ்ஞான வகுப்பு வேண்டும் என்று சேர்ந்து கேட்கும் நாள் வரவேண்டும். அதுவரை கடதாசிகளைப் பத்திரப்படுத்துங்கள், சகோதரிகளே.