பெங்களூரின் பழைய செங்கல் வீடுகள்

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களில் பழைமையான செங்கல் வீடுகள் பல உள்ளன. அங்குக் குளிர் மிகுதி. ஆதலால், அறையின் வெப்பம் வெளியேறாதவாறு சன்னல்களைச் சிறியனவாக அமைத்தனர். மழைநீர் விரைந்து வழியுமாறு கூரையை உயர்ந்த சரிவாக எழுப்பினர்.

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தம் படைக்கு இருப்பிடம் அமைத்தனர். அப்பகுதி கன்டோன்மென்ட் எனப்பட்டது. அங்குக் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டு வீடுகளைப் போன்ற வீடுகளையே விரும்பினர். ஆனால், பெங்களூரின் தட்பவெப்பம் வேறு. சன்னல் சிறியதாயின் காற்று வாராது. பெரியதாயின் வெயிலும் சாரலும் உள்ளே புகும். இச்சிக்கலைத் தீர்க்கப் பயன்பட்டதே 'மங்கி டாப்' என்னும் அமைப்பு.

மங்கி டாப் என்பது சன்னலுக்கு மேலே முன்னோக்கி நீண்டிருக்கும் கூரிய முகடு. முக்கோண வடிவிலான அதன் முகப்பில் மெல்லிய மரச்சட்டங்களை இடைவெளி விட்டுப் பொருத்தியிருப்பர். இடைவெளி வழியே காற்று வரும். வெயிலும் சாரலும் தடைப்படும். அழகுக்காகச் செய்ததுபோல் தோன்றினும், அது சன்னலுக்குப் பிடித்த குடையே ஆகும்.

சுவர்களைச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு தடிமனாகக் கட்டினர். அதனால் பகல் வெப்பம் அறைக்குள் எளிதில் இறங்கவில்லை. மங்களூரில் 1865ஆம் ஆண்டில் ஓட்டுத் தொழிற்சாலை தோன்றியது. பின்னர் அவ்வூர்ச் சிவப்பு ஓடுகள் பெங்களூர்க் கூரைகளில் இடம்பெற்றன. சில வீடுகளில் சென்னைப் பகுதியில் வழங்கிய 'மெட்ராஸ் டெரஸ்' தளம் அமைந்தது. மர விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் இணைப்பது அம்முறை.

கன்டோன்மென்ட் வளர்ந்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் பணியாளராகவும் வணிகராகவும் அங்கு வந்தனர். அங்கு வாழ்ந்த தமிழருள் ஒருவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். இன்று கர்நாடக உயர்நீதிமன்றமாக விளங்கும் சிவந்த அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவரே. அக்கட்டடம் 1868ஆம் ஆண்டில் நிறைவுற்றது.

மங்கி டாப் வீடுகள் பிற்காலத்தில் பசவனகுடி, மல்லேசுவரம் முதலிய பகுதிகளிலும் எழுந்தன. இன்று நிலத்தின் விலை உயர்ந்துவிட்டது. பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் கட்டடங்கள் பெருகுகின்றன. எஞ்சியிருப்பவை சிலவே. இங்கிலாந்தின் வடிவம், மங்களூரின் ஓடு, சென்னையின் தளம் ஆகியவை பெங்களூரின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப ஒன்றுகூடியதை அவ்வீடுகளில் இன்றும் காணலாம். அவை இடிந்தபின், அதனை நூல்களில் மட்டுமே படிக்க இயலும்.