கொழும்பு வழியாக வந்த கோடம்பாக்கம்

பாட்டு பதிவானது கோடம்பாக்கத்தில். மதுரை டீக்கடை பெஞ்சில் இருந்தவர் அதைக் கேட்டதோ கொழும்பிலிருந்து. இந்தச் சுற்றுவழிக்குக் காரணம் டெல்லி.

1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே வேப்பங்காய். சாஸ்திரிய சங்கீதத்தைப் போட்டுப் போட்டே நாட்டின் காதைப் பண்படுத்திவிடலாம் என்று நம்பினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குக் கெடுபிடி வந்தது. தயாரிப்பாளர்களோடு தகராறும் சேர்ந்துகொள்ள, பாட்டே காணாமல் போனது. காது பண்படவில்லை. ரேடியோ முள்தான் நகர்ந்தது, இலங்கைப் பக்கம்.

அங்கே எல்லாம் தயாராக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுச் சிப்பாய்களுக்காக நிறுவிய சக்திவாய்ந்த ஒலிபரப்பு நிலையம் 1949-ல் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. அங்கிருந்து ஒலித்த அமீன் சயானியின் இந்திப் பாட்டு நிகழ்ச்சி 'பினாகா கீத்மாலா' வடக்கை வளைத்துப்போட்டது. தமிழுக்கு அறிவிப்பாளர்கள் எஸ்.பி.மயில்வாகனம், பின்னாளில் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது.

வால்வு ரேடியோ சுவிட்சைப் போட்டதும் பேசிவிடாது. உள்ளே சூடேறி, பச்சையோ மஞ்சளோ வெளிச்சம் கண்ணாடியில் பரவி, கரகரத்து, அப்புறம்தான் குரல் வரும். உத்தரத்தில் ஏரியல் வலை. வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம். இத்தனைக்கும் பிறகு பல்லவி பளிச்சென்று கேட்கும். சரணம் சிற்றலையில் முங்கிப்போய், கடைசி அடியில் தலைதூக்கும். விட்டுப்போன வரிகளைக் கேட்பவரே பாடி நிரப்பிக்கொண்டார்.

பாட்டு மட்டுமா வந்தது? அறிவிப்பாளர்களின் தமிழும் வந்தது. ழகரம் சறுக்காத, மூச்சு வாங்காத தமிழ். ஊரில் யாராவது மைக் பிடித்தால் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் முயன்று பார்ப்பார்கள். 'பொங்கும் பூம்புனல்' என்ற நிகழ்ச்சிப் பெயரை இன்றும் சொல்லிப் பாருங்கள், அறுபது தாண்டிய முகம் ஒன்று சட்டென்று மலரும்.

டெல்லி ஒருவழியாக இறங்கிவந்து 1957 அக்டோபர் 3-ல் திரைப்பாட்டுக்கும் இடம் தந்த விவித பாரதி ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால் தமிழ்க் காது அதற்குள் கொழும்புக்குப் பழகியிருந்தது. டேப் ரெக்கார்டரும் தூர்தர்ஷனும் வீடுகளுக்குள் நுழையும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

1990-களில் சன் டிவியில் 'பாட்டுக்குப் பாட்டு' வந்தபோது, நடத்தியவர் அதே அப்துல் ஹமீது. திரைக்கு முதுகு காட்டி அடுப்படியில் நின்றிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். முகம்தான் அவர்களுக்குப் புதிது.