எல்லாம் 'ஓகே'வா?

வானொலியில் நேயர்களோடு பேசுவதுதான் என் வேலை. போன மாதம், என்னுடைய காலை நிகழ்ச்சி ஒன்றின் பதிவைத் திரும்பக் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் 31 முறை 'ஓகே' சொல்லியிருக்கிறேன். நேயர் பேசி முடித்தால் 'ஓகே'. பாடலுக்கு முன்னால் 'ஓகே'. அடுத்து என்ன கேட்பதென்று தெரியாத இடத்திலும் 'ஓகே'. நிகழ்ச்சி தமிழ் நிகழ்ச்சி. நான் அதிகம் உச்சரித்த சொல்லோ இது!

கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இந்த இரண்டெழுத்துச் சொல் எங்கிருந்துதான் வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

பிறந்த ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். 1830களின் இறுதியில் அங்குள்ள பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு. சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையையே சுருக்கிப் போடுவார்கள். இன்று நம் பிள்ளைகள் புலனத்தில் எழுதுவதைப் போலத்தான். 'எல்லாம் சரி' என்று பொருள் தரும் 'ஆல் கரெக்ட்' என்பதை முறையாகச் சுருக்கினால் 'ஏ.சி.' என்று வர வேண்டும். காதில் விழுகிற மாதிரி எழுதியதால் 'ஓ.கே.' ஆனது. 1839 மார்ச் 23ஆம் தேதி 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளேட்டில் அது அச்சேறியது. எல்லாம் சரி என்று சொல்லும் சொல்லில் இரண்டு எழுத்துமே தப்பு!

அந்த விளையாட்டில் பிறந்த மற்ற சுருக்கங்கள் மறைந்துபோயின. ஓகேயைக் காப்பாற்றியது அரசியல். 1840இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் தேர்தலில் நின்றார். நியூயார்க் மாநிலத்தின் கின்டர்ஹூக் அவருடைய சொந்த ஊர். அதனால் 'ஓல்ட் கின்டர்ஹூக்' என்று அவருக்குச் செல்லப்பெயர். ஆதரவாளர்கள் 'ஓ.கே.' என்ற பெயரில் சங்கமே தொடங்கினார்கள். தேர்தலில் அவர் தோற்றார், சொல் ஜெயித்தது.

பிறகு தந்தி வந்தது. செய்தி வந்து சேர்ந்தது என்பதைத் தெரிவிக்க, தந்தி ஊழியர்கள் இந்தச் சொல்லைத்தான் அனுப்பினார்கள். தந்தியும் ரயிலும் போன இடமெல்லாம் ஓகேயும் போனது.

காலப்போக்கில் பிறந்த கதை மறந்துபோனது. அமெரிக்கப் பூர்வகுடிகளான சாக்டா மக்களின் சொல் என்றார்கள் சிலர். கிரேக்கச் சொல் என்றார்கள் வேறு சிலர். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய நாளேடுகளைப் புரட்டி, 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில்தான் பாஸ்டன் கதை தெளிவானது.

இதில் என்னை நிறுத்தியது அந்தத் தந்திச் செய்திதான். தந்தியில் 'ஓகே' என்றால் 'கிடைத்தது' என்று மட்டுமே பொருள். நல்ல செய்தியா, துக்கச் செய்தியா என்பதை அது சொல்லாது. நம்முடைய 'சரி'யும் அப்படித்தானே? சம்மதத்துக்கும் 'சரி', சலிப்புக்கும் 'சரி', பேச்சை முடிக்கவும் 'சரி'. குரலைக் கேட்டால்தான் எந்தச் 'சரி' என்று புரியும். எழுத்தில் குரல் இல்லை.

இதை நான் தெரிந்துகொண்டது ஈப்போவில் இருக்கும் என் அம்மாவிடம்.

தினமும் வேலை முடிந்ததும் அவருக்குப் புலனத்தில் "ஓகேவா ம்மா?" என்று அனுப்புவேன். வழக்கமாகக் குரல்பதிவுதான் பதிலாக வரும். பக்கத்து வீட்டுக் கல்யாணம், மீன் விலை, மழை என்று இரண்டு நிமிடம் பேசியிருப்பார். அந்த வாரம் மூன்று நாளும் வந்தது வெறும் 'ஓகே'. நானும் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனால், அம்மாவின் வலது கையில் கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார்.

"ஏன்மா சொல்லல?"

"நீ வேலையில இருப்பே. சொல்லி ஏன் பயமுறுத்தணும்? இடது கையில தட்டுறதுக்கு அதுதான் சுலபமா இருந்துச்சு."

முன்பின் தெரியாத நேயரின் குரல் லேசாகத் தழுதழுத்தால்கூட, "என்னங்க ஆச்சு?" என்று கேட்பவள் நான். அம்மாவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

இப்போது நான் "ஓகேவா?" என்று அனுப்புவதில்லை. மாலையில் கூப்பிட்டு, "இன்னிக்கு என்ன சமைச்சீங்க?" என்று கேட்கிறேன். அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. "கை வலிக்குது, ரசம் மட்டும்தான்" என்றால் விஷயம் தெரிந்துவிடும். "புளி சரியில்லை" என்று ஆரம்பித்தால், அம்மா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

நிகழ்ச்சியில் இன்னமும் 'ஓகே' சொல்கிறேன். முழுதாக விட முடியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இன்று வெறும் 'ஓகே' என்று பதில் போட்டால், ஒருமுறை கூப்பிட்டுக் குரலைக் கேட்டுவிடுங்கள்.