கார் இல்லாத தீவு, பாலம் இல்லாத ஊர்

இத்தாலிக்கு ஏரி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கோமோவுக்கோ கார்தாவுக்கோதான் போகிறார்கள். கோமோவில் ஹாலிவுட் நட்சத்திரங்களின் மாளிகைகள், கார்தாவில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். இரண்டுக்கும் இடையில் மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் இசேயோ ஏரியை வெளிநாட்டுக்காரர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான்.

இந்த ஏரியின் நடுவே தண்ணீரிலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது ஒரு மலை. அதுதான் மோந்தே இசோலா. இத்தாலியின் ஏரித்தீவுகளில் இதுவே பெரியது. பெரியது என்றாலும், சுற்றிவர 9 கிலோமீட்டர்தான். இரண்டரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். கரையோரத்திலும் மலைச்சரிவிலுமாகப் பத்துப் பன்னிரண்டு குட்டிக் கிராமங்கள், எல்லாம் சேர்த்து 2,000 பேர்கூட இல்லை.

பிரேஷியா நகரிலிருந்து ஏரியை ஒட்டியே போகும் சின்ன ரயிலில் ஏறி சுல்சானோவில் இறங்கினால், படகுத்துறை கூப்பிடு தூரம். சில நிமிடங்களில் படகு பெஸ்கியேரா மராலியோ என்ற மீனவக் கிராமத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். இறங்கியதும் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். கார் சத்தம்! தீவில் கார் ஓட்ட அனுமதி கிடையாது. ஆம்புலன்ஸ் மாதிரி ஒருசில வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. உள்ளூர்க்காரர்கள் ஸ்கூட்டர் வைத்துக்கொள்ளலாம். மேட்டு ஊர்களுக்கு ஒரு சின்ன பஸ் ஏறி இறங்குகிறது. கார் வைத்திருப்பவர்கள் அதை அக்கரையில் நிறுத்திவிட்டுப் படகில் வீடு திரும்புகிறார்கள். பால் பாக்கெட்டிலிருந்து பீரோ வரை எல்லாமே தண்ணீர் தாண்டித்தான் வரவேண்டும்.

பெஸ்கியேராவின் தெருக்கள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம்தான். வீடுகளின் முகம் ஏரியைப் பார்த்திருக்கிறது, முதுகு மலையோடு ஒட்டியிருக்கிறது. அழகான இடம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த ஊர் அழகுக்காகக் கட்டப்பட்டதல்ல, மீனுக்காகக் கட்டப்பட்டது. கரையில் அங்கங்கே வளைந்த மரச் சட்டங்கள் நிற்கும். அவற்றில் வெள்ளி நிறத்தில் வரிசை வரிசையாகத் தொங்குவது கருவாடு.

அகோனே என்ற ஏரி மீன் அது. ஊரில் அதைச் சார்டின் என்றே சொல்கிறார்கள். கடல் சார்டினுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம்தான். குடலை எடுத்துக் கழுவி, இரண்டு நாள் போல உப்பில் போட்டு, பிறகு நூலில் கோத்து வெயிலும் ஏரிக்காற்றும் படும்படி தொங்கவிடுகிறார்கள். நன்றாகக் காய்ந்ததும் பாத்திரத்தில் அடுக்கி, மேலே பாரம் வைத்து அழுத்துகிறார்கள். கசியும் கொழுப்பை வடித்துவிட்டு ஆலிவ் எண்ணெய் ஊற்றி மூடி வைத்தால், மாதக்கணக்கில் ஊறும். சாப்பிடும்போது தணலில் லேசாகச் சுட்டு, பூண்டும் பார்ஸ்லியும் தூவி எண்ணெய் விட்டு, மக்காச்சோள மாவில் கிண்டிய பொலெந்தாவோடு தட்டில் வைக்கிறார்கள். நம் ஊர்க் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் தெரிந்தவருக்கு இந்தக் கூட்டணியின் நியாயத்தை விளக்கவே வேண்டாம். அழிந்துவிடக்கூடாத பாரம்பரிய உணவு என்று ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் இதைத் தன் காப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

மீன் இருந்தால் வலை வேண்டுமே. தலைமுறை தலைமுறையாக இங்கே பெண்கள் வாசலில் உட்கார்ந்து வலை பின்னினார்கள். நைலானும் இயந்திரமும் வந்தபின் அதே கைத்தொழில் விளையாட்டுக்குத் திரும்பியது. கால்பந்து கோல் வலையும் டென்னிஸ் வலையும் இங்கிருந்து போயின.

இந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது. ஆனால் 2016-இல் 16 நாள்கள் மட்டும் இருந்தது. பல்கேரியாவில் பிறந்த கலைஞர் கிறிஸ்டோ, தண்ணீர் மேல் மனிதர்களை நடக்கவைக்கும் கனவை 1970 முதல் மனைவி ழான்-குளோதுடன் சேர்ந்து சுமந்து திரிந்தவர். அர்ஜென்டினாவிலும் டோக்கியோவிலும் கேட்டுப் பார்த்து நடக்கவில்லை. ழான்-குளோத் 2009-இல் காலமானார். கடைசியில் இசேயோதான் இடம் கொடுத்தது. 2,20,000 பிளாஸ்டிக் கனசதுரங்களை ஒன்றோடொன்று பூட்டி, மஞ்சள் துணி போர்த்தி, 16 மீட்டர் அகலத்தில் 3 கிலோமீட்டர் மிதக்கும் பாதை. சுல்சானோவிலிருந்து பெஸ்கியேராவுக்கும், அங்கிருந்து பக்கத்துக் குட்டித்தீவான சான் பவோலோவுக்கும் அலையோடு ஆடிக்கொண்டே நடந்து போகலாம். டிக்கெட் கிடையாது. ஜூன் 18 முதல் ஜூலை 3 வரை சுமார் 12 லட்சம் பேர் வந்தார்கள். கூட்டம் தாங்காமல் ரயில்களை நிறுத்தவேண்டி வந்தது. இரவும் பகலும் திறந்திருக்கும் என்று அறிவித்த பாதையை இரவில் மூடினார்கள். முடிந்ததும் மொத்தத்தையும் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். தீவுக்கு மறுபடி படகுதான்.

அந்த சான் பவோலோ, துப்பாக்கி தயாரிக்கும் பெரெட்டா குடும்பத்தின் சொந்தத் தீவு. 1526-இல் வெனிஸ் அரசுக்கு 185 துப்பாக்கிக் குழல்களை விற்ற கணக்கு இன்றும் அவர்களிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் துறவிகள் வாழ்ந்த தீவு இப்படிக் கைமாறியதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வராமல் இல்லை.

மோந்தே இசோலாவின் உச்சியில் மதோன்னா தெல்லா செரியோலா கோயில். கற்கள் பதித்த பாதையில் மூச்சு வாங்க ஏறினால், சுவர்களில் நேர்த்திக்கடன் படங்கள்: படகு கவிழ்ந்து பிழைத்தவர், நோயிலிருந்து எழுந்தவர். வெளியே வந்தால் கீழே முழு ஏரியும் தெரியும்.

தீவின் வடகரையிலுள்ள கார்சானோவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் திருச்சிலுவைத் திருவிழா. 19-ஆம் நூற்றாண்டில் காலரா வந்தபோது வேண்டிக்கொண்டது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் ரகசியமாகச் செய்த காகிதப் பூக்களால் தெருவெங்கும் பச்சைத் தோரண வளைவுகள் எழும்பும். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட முன்னால் காட்டமாட்டார்கள். மற்ற நாள்களில் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. பிரேஷியாவிலும் மிலானிலும் பாதி ஊர் அன்றைக்கு இங்கேதான் இருக்கும்.