மார்கழிப் பனியில் பேய்க் கதை

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘தி சிக்னல்மேன்’ கதையை நெய்வேலிக்காரர்கள் ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். தரைமட்டத்திலிருந்து வெகு ஆழத்தில் வெட்டிய ரயில் பாதை. ஒரு பக்கம் இருண்ட குகைவாய். அங்கே ராத்திரியெல்லாம் தன்னந்தனியாக டியூட்டி பார்க்கும் ஓர் ஊழியர். சிவப்பு விளக்கின் பக்கத்தில் ஓர் உருவம் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, மறுகையை வீசி எதையோ எச்சரிக்கிறது. அது வந்து போன பிறகு அந்தப் பாதையில் சாவு விழுகிறது. ஓயாமல் ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில், நெய்வேலிச் சுரங்கத்தின் அடியில் நைட் ஷிஃப்ட் பார்த்தவருக்கு இந்த ஊழியரின் தனிமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதை 1866 டிசம்பரில் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ இதழின் கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 9 அன்று, ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற ஊரருகே தடம் புரண்ட ரயிலில் டிக்கன்ஸே பயணம் செய்துகொண்டிருந்தார். உயிர் தப்பி, அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவியவர் அவர். கதையின் நடுக்கம் இரவல் நடுக்கமல்ல.

ஏசு பிறந்த நாளுக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தின் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவது அங்கே பழைய வழக்கம். 1843இல் வந்த டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ அதை அச்சுக்கு உரிய வழக்கமாகவும் நிலைநிறுத்தியது. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் எம்.ஆர். ஜேம்ஸ் என்ற அறிஞர் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை அறையில் கூட்டிவைத்து, புதிதாக எழுதிய பேய்க் கதையைத் தானே வாசித்துக் காட்டுவார். துப்பறியும் கதைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் ஒரு கிறிஸ்துமஸ் வாத்தின் வயிற்றிலிருந்து கிடைத்த நீலக்கல்லின் மர்மத்தை அவிழ்த்தார். அகதா கிறிஸ்டி 1938இல், பண்டிகைக்குக் கூடிய குடும்பத்தின் நடுவே, பூட்டிய அறைக்குள் ஒரு கிழவரைக் கொன்றார்.

இந்த வழக்கம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1885இல் லாகூரின் ‘சிவில் அண்ட் மிலிட்டரி கெஜட்’ பத்திரிகை ‘குவார்ட்டெட்’ என்று ஒரு கிறிஸ்துமஸ் மலர் போட்டது. எழுதியவர்கள் கிப்ளிங் குடும்பத்தின் நால்வர்: அப்பா, அம்மா, மகன், மகள். சிம்லா மலைப்பாதையில் செத்துப்போனவளின் ரிக்‌ஷா ஒருவனைத் துரத்தும் ‘தி ஃபாண்டம் ரிக்‌ஷா’ அதில்தான் முதலில் வந்தது. ருட்யார்ட் கிப்ளிங்குக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை.

தமிழில் மலர் என்றால் தீபாவளி மலர்தான். ஆனால் நம்மிடம் பேய்க்கும் குறைவில்லை, கொலைக்கும் குறைவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால், தேவனின் சாம்பு என்று துப்பறிவாளர்கள் வரிசையாக வந்தார்கள். பி.டி. சாமியின் பேய்களும் ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல்களும் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கின.

இவ்வளவிலும் ஒரே ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ‘காஞ்சனை’தான். அதை எழுதிய புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டம். 1943இல் வந்த இந்தக் கதையில் பாழடைந்த பங்களா இல்லை, மயானம் இல்லை. எழுத்தாளர் ஒருவரின் சாதாரண வீடு, அவர் மனைவி, பிச்சை கேட்டு வந்து வேலைக்காரியாகச் சேரும் ஒரு பெண், அவ்வளவுதான். நடுராத்திரியில் பிணவாடை வீசுகிறது. அதுவே நறுமணமாக மாறுகிறது. எது நிஜம் என்று புதுமைப்பித்தன் கடைசிவரை சொல்வதில்லை. படிப்பவர் தன் வீட்டு அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் அல்லவா, அங்கேதான் கதை ஜெயிக்கிறது.

இன்ஜினீயர்கள் நிறைந்த நெய்வேலி டவுன்ஷிப்புக்கு இன்னொரு புத்தகமும் பொருத்தம்: சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர் எழுதிய பேய் நாவல் இது. வக்கீல் கணேஷ் எல்லாவற்றுக்கும் விஞ்ஞான விளக்கம் தேடுகிறார். அவருடைய உதவியாளர் வசந்துக்கோ பேயை அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. பேயும் குற்றமும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடும் நாவல் தமிழில் இதைவிடச் சிறப்பாக அமைந்ததில்லை.

எம்.ஆர். ஜேம்ஸைப் போலச் சேர்ந்து உட்கார்ந்து உரக்க வாசிப்பதில்தான் இந்தக் கதைகளின் முழு ருசி இருக்கிறது. தனியாகப் படிக்கும்போது பயம் ஒருவருடையது. நாலு பேர் கேட்கும்போது, யார் முதலில் விளக்கைப் போடச் சொல்வது என்ற போட்டியும் சேர்ந்துகொள்கிறது. குவார்ட்டர்ஸ் வாசல்களில் ஸ்டார் தொங்கி, பக்கத்து வீட்டிலிருந்து பிளம் கேக் வரும் கிறிஸ்துமஸ் வாரத்தில், அரையாண்டுத் தேர்வு முடிந்த பிள்ளைகளும் வீட்டில்தான் இருப்பார்கள். நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி. 1998 முதல் நடத்திவரும் புத்தகக் கண்காட்சியில் வாங்கிப் பிரிக்காமல் வைத்த புத்தகங்கள் அலமாரியில் இருக்கும். இல்லாவிட்டாலும் கவலையில்லை. புதுமைப்பித்தனின் படைப்புகளைத் தமிழக அரசு 2002இல் நாட்டுடைமையாக்கிவிட்டது. ‘காஞ்சனை’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாசித்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.