அரண்மனைச் சதியில் பலியான சுபத்திரை

திருவனந்தபுரத்தில் பிழைப்பு நடத்தும் தமிழர்களுக்கு மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் பெயர் புதிதல்ல. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தவர். 1750-ல் நாட்டையே பத்மநாப சுவாமியின் பாதத்தில் வைத்தவர். ஆனால் அரியணை ஏறுமுன் அவர் பட்ட பாட்டைக் கதையாக்கிய 'மார்த்தாண்டவர்மா' நாவலை நம்மவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

மலையாளத்தின் முதல் சரித்திர நாவல் இது. எழுதியவர் சி.வி. ராமன் பிள்ளை. 1858-ல் திருவனந்தபுரத்தில் பிறந்து, பி.ஏ. தேறி, திருவிதாங்கூர் ஹைகோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். 1891-ல் சென்னையில் புத்தகம் அச்சேறியபோது அவருக்கு வயது 33. ஆபீஸ் கட்டுகளோடு மல்லாடுகிறவனுக்கு எழுத நேரம் ஏது என்று சொல்வோர் இதைக் கவனிக்கலாம்.

கதை நடப்பது 1729-க்குச் சற்று முன். ராமவர்மா மகாராஜா நோய்ப் படுக்கையில். மருமக்கள் தாய முறைப்படி பட்டம் மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்கு. மகாராஜாவின் பிள்ளைகளான தம்பிமார் இருவரும் அதைப் பறிக்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் துணை எட்டு வீட்டுப் பிள்ளைமார். கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், வெங்ஙானூர் என்று தினமும் பஸ் போர்டில் பார்க்கிறோமே, அவையெல்லாம் இந்தப் பிரபுக்களின் வீட்டுப் பெயர்கள்தான்.

இந்தச் சதிக்கு நடுவே ஒரு காதல். செம்பகச்சேரி வீட்டுப் பாருக்குட்டி, அனந்தபத்மநாபனுக்கு மனதைக் கொடுத்தவள். அவனோ பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு மாண்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. மூத்த தம்பி பெண் கேட்டு வருகிறார். தாய்க்கு அந்தச் சம்பந்தத்தில் ஆசை, மகள் இணங்கவில்லை. உண்மையில் அனந்தபத்மநாபன் சாகவில்லை. பைத்தியக்காரச் சாணான் வேடத்தில் இளவரசரைக் காத்துக்கொண்டு திரிகிறான். உயிரோடிருப்பதைக் காதலிக்குச் சொல்லி அனுப்பினால் அவள் துயரம் தீரும்; வேடம் கலையும், இளவரசர் உயிருக்கு ஆபத்து. அவன் வாய் திறக்கவில்லை.

ஆயினும் நாவல் இவர்களுடையதல்ல, சுபத்திரையுடையது. கணவன் சந்தேகப்பட்டுக் கைவிட்டவள். ஊர் வாய் அவளைச் சும்மா விடவில்லை. எட்டு வீட்டாரில் ஒருவரான குடமண் பிள்ளையின் மருமகள். குடும்பம் சதிகாரர் பக்கம் நிற்க, இவளோ உளவறிந்து இளவரசரைக் காப்பாற்றுகிறாள். தந்தை யார், பிரிந்த கணவன் என்ன ஆனான் என்பதெல்லாம் தெரியவந்து, இனி நல்ல காலம் என்று வாசகன் மூச்சு விடும் நேரத்தில், தாய்மாமன் கையாலேயே கொலையுண்டு போகிறாள். அரியணையைக் காத்தவளை அந்த அரியணையால் காக்க முடியவில்லை. காதலர்கள் கல்யாணத்தைக் காட்டிலும் இந்தச் சாவுதான் படித்தவர் மனதை விட்டு அகலாதது.

நமக்குச் சற்று உறுத்தும் விஷயமும் உண்டு. தம்பியின் சூழ்ச்சிக்காரக் கையாள் சுந்தரய்யன் தமிழன். அதே 1891-ல், பெரிய உத்தியோகங்களை வெளியாரான தமிழ்ப் பிராமணர்களே பிடித்துக்கொள்கிறார்கள் என்று மகாராஜாவுக்குக் கொடுத்த 'மலையாளி மெமோரியல்' மனுவில் சி.வி.யும் தீவிரமாக ஈடுபட்டவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. அதற்காகப் புத்தகத்தை ஒதுக்கினால் நஷ்டம் நமக்கே. தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது.

நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1933-ல் இதை ஊமைப் படமாக எடுத்தார். கதை உரிமை கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. வழக்கு வந்து படம் முடங்கியது, முதலும் போயிற்று. 1974-ல் பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குச் சேர்ந்தது.

கதை நடக்கும் இடங்களில் பாதி இன்று தமிழ்நாட்டில். 1956-ல் கல்குளம் தாலுகா பிரிந்தபோது பத்மநாபபுரம் அரண்மனையும் அந்தப் பக்கம் போயிற்று. பராமரிப்பு மட்டும் கேரள அரசு. இளவரசர் ஒளிந்ததாகச் சொல்லப்படும் 'அம்மச்சிப் பிலா' நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் இருக்கிறது. லீவு நாளில் நாகர்கோவில் பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரையில் மரத்தையும், தக்கலையில் இறங்கி அரண்மனையையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். திங்கட்கிழமை மட்டும் போக வேண்டாம். அரண்மனைக்கு அன்று விடுமுறை.